எழுத்தறியாதோர் இட்ட எல்லைகள்

சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்தது. எகிப்தின் அரசர், பாபிலோனின் சட்டங்கள், கிரேக்கரின் போர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, எழுதத் தெரிந்தவர்களுக்குத்தானா சரித்திரம்? எழுதத் தெரியாமலே வாழ்ந்து மறைந்தவர்கள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதை நாம் எப்படி அறிவது?” என்று கேட்டான்.

நான் விடை சொல்லத் தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. வகுப்பும் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி கலையவில்லை. அரசனின் பெயரைக் கல்வெட்டுச் சொல்லும்; புலவனின் பெயரை ஏடு சொல்லும். நிலத்தைக் கொத்திக் கல் பொறுக்கி வரம்பு கட்டியவனின் கதையை எது சொல்லும்? அந்த வரம்பே சொல்லும் என்பதுதான் விடை. அவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கும் வரம்புகள் சில இங்கிலாந்து தேசத்து மலைநிலம் ஒன்றில் ஏறக்குறைய மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றின் வரலாற்றையே இங்கு எழுத விரும்புகின்றேன்.

காற்றும் கல்லும் ஆளும் நிலம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்னும் பகுதி உளது. அதன் நடுவே எழுந்து நிற்கும் கருங்கல் மேட்டுநிலமே டாட்மூர். 1951ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பரப்பு 954 சதுர கிலோமீற்றர். அதிலுள்ள உயர்ந்த சிகரத்தின் உயரம் 621 மீற்றர். நமது பீதுருதாலகாலை மலையின் உயரத்தில் நாலிலொரு பங்குதான். ஆயினும் அங்கு வீசும் காற்றும், திடீரெனக் கவியும் மூடுபனியும், ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீற்றர் வரை பொழியும் மழையும் அந்நிலத்துக்கு ஒரு கடுமையைக் கொடுத்திருக்கின்றன. உச்சிகளிலே வெடித்த கருங்கற் பாறைகள் இடிந்த கோட்டைகளைப் போல் நிற்கும். அவற்றை அங்குள்ளோர் ‘டோர்’ என்பர். இடைநிலங்களில் மரமில்லை, புல்லும் புதருமே உண்டு. பள்ளங்களில் செத்த பாசிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மட்கிப் படிந்து கரிய சதுப்பாகியிருக்கின்றன.

ஆங்கில நாவல் படிக்கும் மாணவருக்கு இவ்விடம் புதிதன்று. ஆர்தர் கொனன் டொயில் எழுதிய ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்ற துப்பறியுங் கதை நிகழ்வது இந்த மேட்டுநிலத்திலேதான். 1902இல் நூலாக வெளிவந்த அக்கதையில், ஷெர்லொக் ஹோம்ஸ் எவரும் அறியாமல் ஒளிந்திருப்பது பழங்கால மனிதரின் கற்குடிசை ஒன்றில் என்பது பலருக்கு நினைவிருக்கும். அஃது ஆசிரியரின் வெறுங் கற்பனையன்று. வட்டமாகக் கல் அடுக்கிக் கட்டிய அத்தகைய குடிசைகளின் அடித்தளங்கள் டாட்மூரில் ஏறக்குறைய ஐயாயிரம் காணப்படுகின்றன. வெண்கலக் காலத்து மக்கள் அவற்றில் வாழ்ந்தார்கள். கல்மதிலால் சூழப்பட்ட கிரிம்ஸ்பவுண்ட் என்னும் குடியிருப்பில் மாத்திரம் இருபத்துநான்கு குடிசைத் தளங்கள் உள. 1894ஆம் ஆண்டிலேயே அவ்விடத்தை அகழ்ந்து பார்த்தனர்.

குடிசைகளைப் பலரும் கண்டனர், வியந்தனர், படம் வரைந்தனர். வரிசை வரிசையாக நட்ட கற்களையும் கண்டனர். ஆனால் அவற்றைவிடப் பெரியதொரு பொருள் காலடியிலே கிடந்தும், அதன் உண்மையான தன்மை நெடுங்காலம் தெரியாதிருந்தது. பெரியது என்பதாலேயே அது கண்ணிற்படாமற் போயிற்று என்றுங் கூறலாம்.

வரம்பென்று தெரியாத வரம்பு

டாட்மூரின் புல்வெளியிலே நடந்து செல்பவர், சிற்சில இடங்களில் நிலம் சற்றே உயர்ந்து ஒரு கோடுபோல் ஓடுவதைக் காண்பார். முழங்கால் உயரமிருந்தால் அதிகம். இரண்டு மூன்று மீற்றர் அகலமிருக்கும். மேலே புல் மூடியிருக்கும். புல்லைக் கிழித்துக்கொண்டு இடையிடையே கருங்கல் தலைகாட்டும். நெடுந்தீவிலே கல்லடுக்கிக் கட்டிய வேலிகளைக் கண்டவர்கள், அந்த வேலி சரிந்து மண் மூடிப் பல நூறு ஆண்டுகள் கிடந்தால் எப்படியிருக்குமோ அப்படி என்று மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். இதனை அந்நாட்டார் ‘ரீவ்’ என்று தம் வட்டார வழக்கிலே சொல்வர். நாம் கல்வரம்பு என்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாட்மூரின் பழம்பொருள்களை ஆராய்ந்தோர் இக்கல்வரம்புகளை அறியாதவரல்லர். ஆனால் அவர்களுட் பலர் இவற்றைப் பழைய பாதைகள் என்று எண்ணினர். நீண்டு நேராகச் செல்லும் ஒன்றைக் கண்டால் பாதையென எண்ணுவது இயல்புதானே? அடுத்த நூற்றாண்டிலும் பல்லாண்டுகள் வரை இவற்றைப் பற்றிப் பெரிதாகச் சிந்தித்தோர் சிலரே.

1970களின் தொடக்கத்தில் செபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ட்ரூ பிளெமிங் என்னுந் தொல்பொருளியலாளர் இங்கு வந்தார். அவர் ஒரு குடிசையையோ கல்லறையையோ தனித்து நோக்காமல், ஒரு கல்வரம்பைப் பிடித்துக்கொண்டு அது போகுமிடமெல்லாம் நடந்து போனார். குன்றின்மேல் ஏறிற்று; அவரும் ஏறினார். பள்ளத்தில் இறங்கிற்று, அவரும் இறங்கினார். ஒன்றன் பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் வேறொன்று என அவை ஒரே திசையில் சமாந்தரமாகச் செல்வதை அவர் உணர்ந்தார். அவற்றைப் படத்திற் குறித்தபோது, தனித்தனிக் கோடுகளாகத் தோன்றியவை ஒரு பெரும் வலையாகத் திரண்டன. டாட்மூரைச் சுற்றிலும் இவ்வாறான கல்வரம்புகள் மொத்தம் இருநூறு கிலோமீற்றர் அளவில் கிடக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரே வரம்பு மட்டும் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது. தமது ஆராய்ச்சியை அவர் 1988இல் தனி நூலாக வெளியிட்டார்.

இதில் மாணவர் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிளெமிங் மண்ணுக்கடியிலிருந்து எதையும் புதிதாகத் தோண்டி எடுக்கவில்லை. எல்லோரும் மிதித்துச் சென்றதையே அவர் கண்டார். மாலைச் சூரியன் தாழ்ந்து நிழல் நீளும் வேளையில், மாரிக்காலத்தில் பன்னப் புதர்கள் பட்டு விழுந்த பின்னர், அவ்வரம்புகள் மிகத் தெளிவாகத் தெரியும். வானத்திலிருந்து எடுத்த படங்களிலும், இன்று விமானத்திலிருந்து லேசர்க் கதிர் வீசி எடுக்கும் அளவைகளிலும் அவை இன்னுந் தெளிவாகத் தெரிகின்றன. கருவிகள் வளர்ந்தது நன்றே. ஆயினும் முதலில் வேண்டியது, காண்பதைக் கேள்வியோடு காணும் கண்ணே.

குளம்புச் சுவடுகள்

இவ்வரம்புகள் மிகப் பழையவை என்று சொன்னாற் போதுமா? எப்படி நிறுவுவது? இங்கே ஓர் எதிர்பாராத உதவி கிடைத்தது.

டாட்மூரின் தென்மேற்கு ஓரத்தில் ஷோமூர் என்ற வெளி உளது. அதன் அருகே வெண்களி தோண்டும் தொழில் நடைபெறுகின்றது. பீங்கானும் காகிதமுஞ் செய்ய உதவும் அந்த வெண்களியை எடுத்த பின் எஞ்சும் கழிவு மலைபோற் குவியும். அக்குவியல் பழங்கால நிலத்தை மூடிவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, அதற்கு முன்னரே ஆராய்ந்துவிட வேண்டுமென்று அரசாங்கத்தின் பொருளுதவியோடு 1976ஆம் ஆண்டில் அகழாய்வு தொடங்கிற்று. அதே காலத்தில் பிளெமிங் தென்கிழக்கே ஹோன் மூர் என்னுமிடத்தில் அகழ்ந்து பார்த்தார்.

கிடைத்த செய்திகள் அருமையானவை. கல்வரம்பின் கீழே, சிலவிடங்களில், முதலில் மரவேலி இருந்திருக்கின்றது. வேறு சிலவிடங்களில் அகழி வெட்டி அந்த மண்ணையே கரையாகக் குவித்திருக்கின்றனர். கல் அடுக்கியது அதன்பின்னரே. எல்லையை முதலில் குறித்துக்கொண்டு, பின்பு காலம் வாய்த்தபோது அதனைக் கல்லால் நிலைப்படுத்தினர் என்பது இதனால் விளங்குகின்றது. அங்கு கிடைத்த கரித்துண்டு முதலியவற்றைக் காபன்-14 முறையால் ஆராய்ந்தபோது, இந்த வேலைகள் ஏறக்குறைய கி.மு. 1700க்கும் 1500க்கும் இடைப்பட்டவை என்று தெரிந்தது. பாபிலோனிலே ஹமுராபி மன்னன் தன் சட்டங்களைக் கல்லிற் பொறித்துச் சென்ற பின் ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் என்று கொள்ளலாம். அங்கு எழுத்துக் கல்லாகச் சட்டம் நின்றது. இங்கு எழுத்தே இல்லாத மக்கள் தம் சட்டத்தை வரம்புக் கல்லாக நிலத்திற் கிடத்தினர்.

ஷோமூரில் ஒரு வரம்பையொட்டிய அகழியின் அடியிற் சேறு இறுகிக் கிடந்தது. அதைக் கவனமாகச் சுத்தஞ் செய்தபோது விலங்குகளின் குளம்புச் சுவடுகள் தென்பட்டன. மாடு நடந்த சுவடு, ஆடு நடந்த சுவடு, குதிரை நடந்த சுவடு. ஈரச் சேற்றில் ஒரு மந்தை நடந்து சென்றிருக்கின்றது. அதன்மேல் மண் விழுந்திருக்கின்றது. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டது. அரசர்களின் பெயர் எத்தனையோ அழிந்தொழிந்தன. ஆனால் பெயரில்லாத ஓர் இடையனின் மந்தை நடந்த அடையாளம் அழியவில்லை!

மண்ணிற் படிந்திருந்த பூந்தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்தோரும் இதற்கு இசைவாகவே சொன்னார்கள். அங்கு தானியப் பயிரின் தூள் மிகச் சிறிது; புல்லினத் தூளே மிகுதி. ஆகவே டாட்மூரின் வரம்புகள் பெரும்பாலும் மேய்ச்சலை ஒழுங்கு செய்வதற்காகவே எழுந்தன என்று கொள்ளுதல் பொருந்தும்.

நிலத்தில் வரைந்த ஒழுங்கு

இனி, அந்த ஒழுங்கு எப்படிப்பட்டதென்று பார்ப்போம். பள்ளத்தாக்கின் இருமருங்கும், சரிவுகளிலும், சமாந்தர வரம்புகள் நெருங்கிச் செல்லும். அவற்றிற்கிடையே குறுக்கு வரம்புகள் வந்து நீண்ட நிலங்களைத் துண்டுகளாக்கும். ஆங்காங்கே வட்டக் குடிசைகள் இருக்கும். மேலே ஏறிச் செல்லச் செல்ல இந்தச் சமாந்தர வரம்புகள் எல்லாம் ஒரே குறுக்கு வரம்பிலே போய் முட்டி நிற்கும். அதனை முடிவு வரம்பு எனலாம். அதற்கப்பால் உள்ளது திறந்த மேய்ச்சல் வெளி. அங்கே துண்டு நிலங்கள் இல்லை. சமூகங்களுக்கிடையே எல்லை காட்டுவனவாகத் தோன்றும் நீண்ட தனி வரம்புகள் சில உயர்ந்த முகடுகளின் வழியே செல்லும்.

தாழ்ந்த நிலம் பகுக்கப்பட்டது. உயர்ந்த நிலம் பொதுவாக விடப்பட்டது என்பதே இவ்வமைப்பின் பொருள். ஒவ்வொரு குடிக்கும் ஒரு பங்கு. எல்லோருக்குமாக ஒரு வெளி. இவ்விரண்டும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாக அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது.

வியப்புத் தருவது இன்னொன்று. கிழக்கு டாட், மேற்கு டாட் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தை டாட்மீற் என்பர். அங்கே பள்ளத்தாக்கு ஆழமானது, கரைகள் செங்குத்தானவை. ஒரு கரையிலிருந்து இறங்கும் சமாந்தர வரம்புகள் மறுகரையிலே அதே திசையை மாறாமற் பிடித்துக்கொண்டு மேலேறுகின்றன. நிலம் மேடாயினும் பள்ளமாயினும், பாறையாயினும் ஆறாயினும், கோடு திசை மாறவில்லை. வசதிக்காகக் கட்டியிருந்தால் ஆற்றங்கரையோடு நின்றிருக்கலாம். பாறையைச் சுற்றி வளைந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ‘எல்லோருக்கும் ஒரே திசை’ என்பது அவர்களிடையே ஒரு விதியாகவே இருந்திருக்க வேண்டும். வழியில் முன்னோரின் கல்லறை மேடுகள் குறுக்கிட்டபோது, சிலவிடங்களில் அம்மேட்டையே வரம்பின் ஒரு குறியாகச் சேர்த்துக்கொண்டனர். எல்லைக்கு மூத்தோர் சாட்சியாயினர் போலும்.

ஆணையிட்டவர் யார்?

இவ்வளவு பெரிய வேலையைச் செய்வித்தவர் யார்? இதுவே அறிஞரிடையே நடைபெறும் விவாதம். இதிலேதான் இக்கல்வரம்புகளின் உயிர்நாடி இருக்கின்றது.

பெரிய வேலையைக் கண்டவுடன் அதன் பின்னே ஒரு பேரரசன் இருந்திருப்பான் என்று எண்ணுவது நமக்குப் பழக்கம். ஆனால் டாட்மூரிலே அரண்மனை கிடையாது. ஒரு குடிசை மற்றொன்றைவிடச் சிறிது பெரிதாயிருக்கலாம், அவ்வளவே. பெருஞ் செல்வமுடைய தலைவன் ஒருவன் வாழ்ந்தமைக்கான மாளிகை எதுவும் அங்கு இல்லை. ஆகவே பிளெமிங் வேறொரு கருத்தைச் சொன்னார். அயலவர்களாக வாழ்ந்த குடிகள் ஒன்றுகூடிப் பேசி, பொதுவாக முடிவெடுத்து, பரந்த நிலத்தைத் திட்டமிட்டுப் பகுத்துக்கொண்டன என்பது அவர் கருத்து.

பின்வந்தோர் சிலர் இதனை முழுவதும் ஏற்கவில்லை. ரொபேட் ஜோன்ஸ்டன் என்பவர் 2005இல் வெளியிட்ட கட்டுரையிலே, இது ஒரேயடியாகத் தீட்டிய திட்டமன்று என்று வாதிட்டார். ஒருவர் ஒரு வரம்பு இட்டார். அதன் திசையைப் பார்த்து அடுத்தவர் தம் வரம்பை இட்டார். பிள்ளைகள் அதனை நீட்டினர். பேரப்பிள்ளைகள் இன்னும் நீட்டினர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததே ஈற்றில் ஒழுங்காகத் தோன்றுகின்றது என்பது அவர் கட்சி. வகுத்தவன் ஒருவன் இல்லாமலே கோலம் அமையலாம் என்பது இதன் சாரம்.

இவ்விரு கட்சிகளுள் எது வெல்லும் என்பதை ஆராய்ச்சி காலப்போக்கிற் சொல்லட்டும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான உண்மை ஒன்றிருப்பதை நாம் மறத்தலாகாது. ஒரே நாளிற் பேசி முடிவு செய்தாலும் சரி, நூறு ஆண்டுகளிற் சிறிது சிறிதாகச் சேர்த்தாலும் சரி, அடுத்தவரின் கோட்டை மதித்துத் தன் கோட்டை இட்டவர்களாலன்றி அப்படியொரு ஒழுங்கு உண்டாக முடியாது. பிரெஞ்சுத் தத்துவஞானி ரூசோ 1755இல் வெளியிட்ட நூலொன்றிலே, நிலத்தை வேலியிட்டு உரிமை கொண்டாடியதையே மனிதரின் சமமின்மைக்குத் தொடக்கமாகக் கண்டார். வேலிக்காக நீதிமன்றப் படியேறத் தயங்காத நம்மவர்க்கு அக்கருத்து எளிதில் விளங்கும். ஆனால் டாட்மூரின் வரம்புகள் வேலியின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன. பறிப்பதற்கு வேலியிடலாம், பகிர்வதற்கும் வேலியிடலாம். எதற்கு இட்டது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகின்றது.

ஓர் இளவயதினரின் கல்லறை

வரம்பிட்டவர்கள் வெறுங் கல் சுமக்கும் காட்டுமனிதர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. டாட்மூரின் வடபகுதியில், ஏறக்குறைய 600 மீற்றர் உயரத்திலே, வைற்ஹோர்ஸ் குன்று இருக்கின்றது. அங்கே கரிய சதுப்பு மண்ணுக்குள் கற்பலகைகளால் அமைத்த சிறிய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. அதனை 2011ஆம் ஆண்டில் அகழ்ந்தனர். அதன் காலமும் கி.மு. 1700ஐ அண்டியதே, அதாவது வரம்புகள் எழுந்த காலம்.

உள்ளே தகனஞ் செய்யப்பட்ட எலும்புகள் இருந்தன. அவை 15 முதல் 25 வயதுக்குட்பட்ட ஒருவருடையவை. அவற்றைக் கரடித் தோலிலே சுற்றி வைத்திருந்தனர். பக்கத்தில் மரப்பட்டை நாரால் நுட்பமாகப் பின்னிய கூடை. அக்கூடையுடன் இருநூறுக்கு மேற்பட்ட மணிகள். அவற்றுட் சில அம்பர் மணிகள். அம்பர் பெரும்பாலும் பால்டிக் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த பொருள். மாட்டுமயிரைப் பின்னி வெள்ளீயக் குமிழ் பதித்த காப்பு ஒன்றும், தோலும் நெய்த துணியும் சேர்த்துத் தைத்த கச்சை போன்ற ஆடைப்பொருள் ஒன்றும் இருந்தன. சாதாரண மண்ணில் இவையெல்லாம் உக்கிப்போயிருக்கும். காற்றுப் புகாத சதுப்பு அவற்றைக் காத்தது. 2014இல் பிளிமத் நகர நூதனசாலையிலே அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர்.

வாழவேண்டிய வயதில் மறைந்த அந்தப் பிள்ளைக்காக யார் யார் அழுதனர் என்பதை நாம் அறியோம். ஆயினும் தமக்குக் கிடைத்த அரிய மணியையெல்லாம் சேர்த்து, கூடையில் இட்டு, தோலிலே சுற்றி, மலையுச்சிவரை சுமந்து சென்று வைத்த கைகள் அன்புடைய கைகள் என்பதை அறிய எழுத்துச் சான்று வேண்டுவதில்லை. கீழே சரிவுகளில் வரம்புக் கல் அடுக்கியவர்களும் அத்தகைய கைகளையுடைய அதே மக்களே.

ஏன் விட்டுச் சென்றனர்?

கி.மு. ஓராயிரத்தை அண்டிய காலத்தில் உயர்ந்த சரிவுகளிலுள்ள குடிசைகளும் வரம்புகளும் பெரும்பாலுங் கைவிடப்பட்டன. குளிரும் மழையும் மிகுந்து நிலம் கெட்டது என்று முன்னர் ஒரே விடையாகச் சொல்வர். இப்போது அறிஞர் அவ்வளவு விரைந்து சொல்வதில்லை. நெடுங்கால மேய்ச்சலால் மண் வளங்குன்றிப் புளித்ததும், சதுப்பு பரவியதும், மக்களின் வாழ்க்கைமுறையே மாறியதும் ஒன்றோடொன்று கூடியிருக்கலாம் என்பர். காரணம் எதுவாயினும், பிற்காலத்து ஏர் அதிகம் மேலேறாமையால் வரம்புகள் பிழைத்தன. தாழ்ந்த நிலங்களில் இருந்த இவற்றின் உடன்பிறப்புகள் பலவற்றைக் கலப்பை அழித்துவிட்டது.

எல்லாமே சும்மா கிடந்தன என்றுஞ் சொல்வதற்கில்லை. மத்திய காலத்தில் அங்கு குடியேறிய உழவர், கிடந்த பழைய வரம்பையே தம் வயலுக்கு எல்லையாக்கி அதன்மேற் கல்மதில் எழுப்பினர். இன்றும் டாட்மூரின் ஓரங்களிலே உழவர் சிலரின் மதில்கள் அந்த வெண்கலக் காலக் கோட்டின்மேலேயே நிற்கின்றன. மதிலுக்கு உரியவர் தாம் காப்பது தம் பாட்டனின் எல்லை என்று நினைக்கலாம். உண்மையில் அவர் காப்பது ஏறக்குறைய நூற்றிருபது தலைமுறைக்கு முந்திய ஒருவரின் எல்லையை!

இங்கே ஆசிரியத் தொழிலில் உள்ளோர் மகிழத்தக்க செய்தி ஒன்றையும் சேர்க்க விரும்புகின்றேன். அயர்லாந்தின் மேற்கே மேயோ பகுதியில், சதுப்பு மண்ணின் அடியில் இதே போன்ற கல்வேலி வயல்கள் உள. கெய்ட் வயல்கள் என்று அவற்றைக் கூறுவர். 1930களில் பற்றிக் கோல்பீல்ட் என்ற பாடசாலை ஆசிரியர், எரிப்பதற்காகச் சதுப்புக்கட்டி வெட்டும்போது ஆழத்திலே கற்கள் ஒழுங்காகக் கிடப்பதைக் கவனித்தார். சதுப்புக்குக் கீழே கிடப்பதால் அவை சதுப்பு வளருமுன் மனிதர் வைத்த கற்களாகவே இருக்கவேண்டும் என்று அவர் சிந்தித்தார். பின்னர் தொல்பொருளியல் கற்ற அவருடைய மகன் ஷேமஸ், இரும்புக் கோலால் சதுப்பைக் குத்திக் குத்திப் பார்த்தே அவ்வேலிகளின் போக்கைக் குறித்தார். அவை டாட்மூர் வரம்புகளிலும் மிகப் பழையவை, கற்காலத்தவை என்பது அவர்கள் முடிவு. அக்காலக் கணிப்புப்பற்றி இப்போது விவாதமும் உண்டு. தந்தையின் கேள்வி மகனின் ஆராய்ச்சியாயிற்று என்பதே நாம் போற்றத்தக்கது.

இன்றும் ஓயாத கேள்வி

மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமுன் டாட்மூர் மக்கள் எதிர்நோக்கிய கேள்வி, எது தனக்கு, எது பொதுவுக்கு என்பது. அந்தக் கேள்வி அங்கு இன்னும் ஓயவில்லை. தேசியப் பூங்காவினுள் ஏறக்குறைய 36,000 ஹெக்டேயர் நிலம் இன்றும் பொது மேய்ச்சல் உரிமையுள்ள நிலமாகவே இருக்கின்றது. நிலத்துக்கு உடையவர் ஒருவர் இருப்பார். அதில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை அயலவர்க்கு இருக்கும். 1985ஆம் ஆண்டின் சட்டமொன்று அவ்வெளிகளிலே கால்நடையாகவும் குதிரைமீதுஞ் சென்று பொழுதுபோக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு வழங்கிற்று.

அவ்வாறாயின், அங்கு கூடாரமடித்து ஓரிரவு தங்கலாமா? நிலவுடைமையாளர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2023 சனவரியில் மேல்நீதிமன்றம் கூடாது என்றது. அதே ஆண்டு யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூடும் என்றது. 2025 மே மாதத்தில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் பொதுமக்களின் உரிமையை உறுதி செய்தது. உயர்ந்த வெளி எல்லோருக்கும் பொது என்று வெண்கலக் காலத்தார் இட்ட முடிவு வரம்புக்கும் இத்தீர்ப்புக்கும் சட்டத் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவ்விடத்தில் நின்று பார்ப்பவருக்கு, ஒரு பழைய உரையாடல் இன்னுந் தொடர்கின்றது என்றே தோன்றும்.

வரம்புகளுக்கு வேறு ஆபத்தும் உண்டு. பன்னச் செடியின் வேர்கள் மண்ணுக்குள் ஓடி, மேலிருந்து தெரியாத அடுக்குகளைக் குலைக்கின்றன. மேய்ச்சல் குறைந்தாற் புதர் மூடும். மிகுந்தால் மண் அரிக்கும். கல்தானே, எப்போதும் இருக்கும் என்று விட்டுவிட்டால் ஒரு நாள் இராமற் போகும். ஆகவேதான் சிறந்த தொல்பொருட் பரப்புகளைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள மேய்ப்பர்களோடு சேர்ந்தே அவற்றைப் பேணும் முறையை அங்கு கையாள்கின்றனர். ஆடு மாடு மேய்ப்பதற்காக எழுந்த வரம்பை ஆடு மாடுகளே புதர் மேய்ந்து காக்கின்றன என்பது பொருத்தமே.

மாணவ நண்பர்களே, கடைசி வாங்கிலிருந்து எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எழுதத் தெரிந்தவருக்கு மட்டுமே சரித்திரம் என்பதில்லை. எழுதியவர் தம்மைப் பற்றித் தாம் விரும்பியதை எழுதிச் சென்றனர். எழுதாதவர் தாம் செய்ததை மட்டும் விட்டுச் சென்றனர். முன்னதில் பொய் கலக்க இடமுண்டு. சேற்றில் நடந்த மாட்டின் குளம்புக்கும், அயலவனின் வரம்போடு ஒத்துச்செல்லும்படி இட்ட கல்லுக்கும் பொய் சொல்லத் தெரியாது. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வதே நமது கடமை.

மறுநாள் வகுப்பிலே அந்த மாணவனிடம் இதைச் சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் ஐயா, நாங்கள் இன்று இடுகின்ற வேலியைப் பார்த்தும் நாளைக்கு எங்களை யாரோ அளப்பார்கள்” என்றான். அதற்குமேற் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.